உப்புப் பலகையில் தூண்டில் பிடி

செய்தி வந்தபோது காலை மணி ஒன்பது நாற்பது. பத்து மணிக்கு இரண்டாவது கோட் அடிக்க வேண்டும் என்று சாயிரா அண்ணி சொல்லிவிட்டுப் போயிருந்ததால் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். போனில் முஜீப் அண்ணன் என் பெயரை மட்டும் சொன்னார். யாரோ ஒரு நர்ஸ் போனை வாங்கி, சாயிரா வீட்டு ஆளா பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

அன்று விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு அண்ணி வழக்கம்போல மாடி அறைக்குப் போய் ஒரு கார்க் பிடிக்கு, ஈரம் புகாமல் மூடுகிற சீலரை முதல் கோட் அடித்தார். இறங்கி வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ராத்திரி சாப்பிட்டது கரிக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். அண்ணன் கேட்கவில்லை, காரை வரவழைத்தார். ஏறும்போதுகூட அண்ணி என்னைக் கூப்பிட்டு, "கடல்காத்து எழும்புறதுக்குள்ள ரெண்டாவது கோட் அடிச்சிடு ஆசிஃபா. கிழக்கு ஜன்னலத் தொறந்துடாத," என்றுதான் சொன்னார். புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லாரும் அவரை நல்ல மனுஷி என்றார்கள், ஐந்து வேளை தொழுதவர் என்றார்கள், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் என்றார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அண்ணி ஒரு விஷயத்தில் எல்லோர் எதிரிலும் நின்று ஜெயித்தவர். அதை யாரும் சொல்லவில்லை. அதனால் அதை நான் எழுதி வைக்கிறேன்.

அண்ணன் சார்ஜாவில் மீன்பிடி சாமான் விற்கும் கடையில் வேலை செய்தவர். உடைந்த தூண்டில் ராடுகளை ரிப்பேர் செய்வது அவர் வேலை. அந்தக் கடை மூடியதும் ஊருக்கு வந்து, மரக்காணத்தில் எங்கள் வீட்டு மாடியிலேயே ராடு செய்ய ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முகத்துவாரத்துக்கு வந்து பார்த்தால் தெரியும். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காரில் வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, கொடுவாவுக்காகத் தூண்டில் வீசிக்கொண்டிருப்பார்கள். வலை போடுகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை. ஒரு மீனுக்கு இவ்வளவு பேரா என்பார்கள். அந்தக் காரில் வருகிறவர்கள்தான் அண்ணனின் வாடிக்கை. புதுச்சேரியில் தூண்டில் கடை வைத்திருக்கும் கௌதமன் ராடுகளை வாங்கி விற்றுக் கொடுத்தார்.

கார்பன் கழி கம்பெனியிலிருந்து கூரியரில் வரும். தூண்டில் நரம்பு ஓடுகிற கைடு என்னும் சின்ன வளையங்களை நூலால் கட்டி ஒட்டுவது அண்ணன். பிடி முழுக்க அண்ணியின் பொறுப்பு. துபாயில் இருக்கும் அவர்கள் மகன் நிஷாத், ஊருக்கு வருகிறவர்கள் கையில் கார்க் வளையங்களைக் கொடுத்து அனுப்புவான். வட்டமாய், நடுவில் ஓட்டையோடு, பார்க்க உளுந்துவடை மாதிரி இருக்கும். அவற்றைக் கழியில் கோத்து, ஒட்டி, இறுக்கிக் கட்டிக் காயவைத்து, அண்ணன் மோட்டாரில் சுழல விட்டு வடிவம் எடுத்துத் தருவார். அதன்பிறகு உப்புத்தாள் போடுவது, கார்க்கின் பொத்தல்களை அடைப்பது, சாயம் ஏற்றுவது, சீலர் அடிப்பது எல்லாம் அண்ணி.

கார்க்கை அப்படியே விட்டால் ரஸ்க் நிறத்தில் அழகாகத்தான் இருக்கும். ஒரு நாள் மீன் பிடித்தால் போதும், மீன் ரத்தமும் இறால் நாற்றமும் ஏறி அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். அதனால் கறுப்புத் தேநீர் நிறத்துக்குச் சாயம் ஏற்றுவார். ஆரம்பத்தில் சாயம் ஏறிய பிடிகளில் அங்கங்கே தேமல் விழுந்தது. பொத்தலை அடைக்கக் கார்க் தூளைப் பசையில் குழைத்து வைப்பார்கள். அந்தப் பசை வைத்த இடமெல்லாம் சாயத்தைக் குடிக்கவில்லை. அண்ணி தூளுக்கு முதலிலேயே சாயம் ஏற்றிவிட்டுப் பிறகு பசையில் குழைத்துப் பார்த்தார். தேமல் போய்விட்டது. இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணன் ஆச்சரியப்பட்டால், "அதிரசத்துக்கு வெல்லத்தப் பாகு வெச்சுட்டுத்தான மாவு போடுறோம்? அப்புறமாவா தூவுறோம்?" என்பார்.

அவருக்கு அந்த வேலை ஏன் அவ்வளவு பிடித்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். சாயம் தோய்த்த பனியன் துணியை இழுத்துக்கொண்டே சொன்னார். "மீன் பிடிக்கிறவன் கையில மீன் இருக்கிறது கொஞ்ச நேரம். ராடுதான் நாளெல்லாம் இருக்குது. அதுலயும் அவன் தொடுறது இது ஒண்ணத்தான். மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் செஞ்சது."

முதல் வருஷம் கோடையில் ராடுகள் நன்றாகப் போயின. மழைக்காலம் தொடங்கியதும் வினை வந்தது. ஒரு நாள் கௌதமன் காரின் பின்சீட்டில் ராடுகளை அடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார். எல்லாம் நாங்கள் கொடுத்தவை. பிடிகள் அம்மை போட்டதுபோல இருந்தன. சீலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உள்ளே வெள்ளை பூத்திருந்தது. சிலது கையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

கௌதமன் கோபப்படவில்லை. அதுதான் அண்ணிக்கு அதிகமாக வலித்தது. நல்ல தரமான ஃபோம் பிடி ரெடிமேடாக வருகிறது, மாட்டி ஒட்டினால் முடிந்தது, சாயமும் வேண்டாம் சீலரும் வேண்டாம் என்று விளக்கினார். "கார்க்கெல்லாம் குளிர்நாட்டுச் சரக்கு பாய். நம்ம உப்புக் காத்துக்குத் தாங்காது. அக்காவுக்கும் வேல மிச்சம்," என்றார்.

வேலை மிச்சம் என்றால் என்னவென்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. அண்ணியின் வேலை அங்கே அதோடு தீர்ந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த செட்டுக்கு ஃபோம் சொல்லிவிடலாம் என்றார்.

அண்ணி உள்ளே போய் ஒரு ராடை எடுத்து வந்தார். விற்காமல் எங்கள் சுவரிலேயே மாட்டியிருந்த ராடு. அதிலும் கொப்புளம். "இது எந்தக் கடலுக்குப் போச்சு?" என்று கேட்டார். நகத்தால் ஒரு கொப்புளத்தைக் கிள்ளி எடுத்து, அடியில் இருந்த கார்க்கை நாக்கில் வைத்துப் பார்த்தார். கௌதமன் முகம் சுளித்தார். அண்ணி ராடைத் திருப்பி அண்ணனிடம் நீட்டினார்.

"உப்பு. மேல இல்ல, உள்ள. இத நம்ம வீட்லதான் போட்டிருக்கோம்."

அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டார். உப்புத்தாள் போட்டபிறகு தூசி போக ஈரத்துணியால் பிடியைத் துடைப்பார். துணியை நனைப்பது எங்கள் போர்வெல் தண்ணீரில். மரக்காணத்தில் போர் தண்ணீர் கரிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். பழகியவர்களுக்கு அதன் உப்பு தெரிவதே இல்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கேன் தண்ணீர். அதை எடுத்து ஒரு கட்டையைத் துடைக்க யாருக்கு மனசு வரும்? துடைக்கத் துடைக்க உப்பு கார்க்கின் பொத்தல்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கோடையில் சும்மா கிடந்தது. மழைக்காலத்து ஈரக்காற்றை இழுத்துக் கசிந்து, மேலே இருந்த சீலரைத் தூக்கிவிட்டது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி மொட்டைமாடியில் பிரியாணி அண்டாவைத் திறந்து வைத்தார்.

மழைத் தண்ணீரில் அலசிய புதுப் பிடியைக் காயவைப்பது அடுத்த தலைவலியாக இருந்தது. அந்த ஈரத்தில் எதுவும் காயவில்லை. ஈரத்தோடு சீலர் அடித்தால் பழைய கதைதான். ஒரு நாள் நான் சோறு வடிக்க அரிசி எடுக்கப் போனேன். டிரம்முக்குள் கார்க் பிடி புதைந்திருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, இனிமேல் பிரியாணியில் கறித்துண்டுக்குப் பதில் இதுதானா என்று கேட்டார்.

"போன் தண்ணியில விழுந்தா மட்டும் அரிசியில போடுறீங்க இல்ல?" என்றார் அண்ணி.

இவ்வளவும் செய்து ஒரே ஒரு பிடியைத் தயார் செய்தார். கடல்காற்று எழும்புவதற்கு முந்தைய காலை நேரத்தில் மட்டும், கிழக்கு ஜன்னலை மூடிவைத்து, மூன்று கோட் சீலர். கௌதமன் அடுத்தமுறை வந்தபோது அதைக் கையில் கொடுத்தார். கௌதமன் நன்றாக இருக்கிறது என்றார். போன தடவையும் நன்றாகத்தான் இருந்தது, கெட்டுப்போனது மழைக்காலத்தில்தானே என்றும் சொன்னார். ஒரு முழு வருஷம் உப்பில் கிடந்து நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

அண்ணி, இந்த ஊரிலேயே அதிகமாக உப்பில் கிடப்பது எது என்று கேட்டார். அண்ணனுக்குக் கேள்வி புரியவில்லை. அண்ணியே பதில் சொன்னார்.

"சூர்யகலா கை."

சூர்யகலா உப்பளத்தில் வேலை செய்பவர். எங்கள் தெருவுக்குப் பின்னால் வீடு. அண்ணியைவிடச் சில வயது சின்னவர், வாயில் மட்டும் எல்லோருக்கும் மூத்தவர். பாத்தியில் விளைந்த உப்பை வாரி ஒதுக்க ஒரு பலகை வைத்திருப்பார்கள். ஆளைவிட நீளமான கழியின் முனையில் குறுக்கே ஒரு பலகை அடித்திருக்கும், அவ்வளவுதான். விடியற்காலையிலிருந்து வெயில் ஏறும்வரை அந்தக் கழி அவர்கள் உள்ளங்கையில் உரசிக்கொண்டே இருக்கும். தூண்டில் பிடியை அந்தக் கழியில் மாட்டுவது என்று அண்ணி முடிவு செய்தார். தை மாதம் உப்பளம் திறக்கும் நாளிலிருந்து மழை வந்து மூடும்வரை அது உப்பில் கிடக்கட்டும். மூடும் நாளில் கௌதமன் வந்து பார்க்கட்டும். ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் அண்ணி கார்க்கைத் தொடுவதில்லை. இல்லாவிட்டால் முஜீப் ரஹ்மான் ராடில் கார்க்தான், ஃபோம் கிடையாது. அதுவரைக்கும் அண்ணன் ஃபோம் போட்டே விற்றுக்கொள்ளட்டும்.

கௌதமன் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஃபோமை உப்பளத்தில் போட்டுப் பார்க்கத் தனக்கே தைரியம் வராது என்றார்.

புதுக் கழியில் அந்தக் கறுத்த, வழவழப்பான பிடியைப் பார்த்ததும் சூர்யகலா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார்.

"இன்னாக்கா இது, கலெக்டர் ஆபீஸ் கதவு மாதிரி இருக்குது. இத வெச்சி உப்பு வாரணுமா, இல்ல உப்பே எழுந்து வந்து சலாம் போடுமா?"

உப்பளம் திறக்கும் நாளில் பாத்தி வரப்பில் கற்பூரம் ஏற்றிப் பூசை போடுவார்கள். அன்று அந்தப் பலகைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்ததாக வந்து சொன்னார். நன்றாக இருக்கிறதா என்று அண்ணி பார்க்கும்போதெல்லாம் கேட்பார். சூப்பராக இருக்கிறது என்று பதில் வரும். மாடி அறையில் அண்ணன் ஃபோம் பிடிகளை ஒட்டிக்கொண்டிருந்தார். அண்ணி அந்தப் பக்கமே போகவில்லை. சமையலை முடித்துவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பதை அந்த மாதங்களில்தான் நான் பார்த்தேன்.

கோடை நடுவில், சூர்யகலாவின் மருமகளுக்குக் குழந்தை பிறந்ததைப் பார்க்க அண்ணியும் நானும் போனோம். உள்ளே சாமி படங்களுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தது அந்தப் பலகை. பிடியைச் சுற்றிப் பழைய பட்டுத்துணி கட்டியிருந்தது. அண்ணி துணியை அவிழ்த்தார். குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. பிடி நாங்கள் கொடுத்த நாளில் இருந்ததுபோலவே இருந்தது. அது ஒரு நாள்கூட உப்பைப் பார்க்கவில்லை.

"அவ்ளோ அழகா செஞ்சி குடுத்துட்ட. அதப் போய் உப்புல போட்டு நாசம் பண்ண எனக்கு மனசு வருமாக்கா?" என்றார் சூர்யகலா. அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. பழைய பலகையை வைத்தே இத்தனை மாதமும் வாரியிருக்கிறார்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் அழப்போகிறார் என்று தோன்றியது. அவரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று அடக்கி அடக்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சூர்யகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அண்ணி நடந்ததை முழுதாகச் சொன்னார். ஃபோம், கௌதமன், பந்தயம், எல்லாம். சூர்யகலா தலையில் கை வைத்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நல்லா பாத்துக்கோன்னு மட்டும்தான சொன்ன. நான் பாத்துக்கிட்டேன்."

பாதி வருஷம் போய்விட்டது. மிச்சமிருந்த மாதங்களில் அந்தப் பிடி இரட்டிப்பாக உப்பைச் சாப்பிட்டாக வேண்டும். மறுநாளிலிருந்து தானே உப்பளத்துக்கு வருவதாக அண்ணி சொன்னார்.

வீட்டில் அதற்கு ஒரு சண்டை நடந்தது. அண்ணன் எப்போதும் சத்தம் போடாதவர். அன்று போட்டார். சார்ஜாவில் இத்தனை வருஷம் இருந்துவிட்டுப் பெண்டாட்டியை உப்பு வார அனுப்பினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று கேட்டார்.

"சார்ஜால நீங்க ஊர்பட்டவன் ஒடச்ச ராட ரிப்பேர் பண்ணீங்களே, அப்ப ஊர்ல இன்னா பேசினாங்க?"

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு ஸ்கூட்டரை வாசலில் எடுத்து நிறுத்தி, அண்ணி வருவதற்குள் ஹாரன் அடித்தார்.

சூர்யகலா தன் புருஷனின் முழுக்கைச் சட்டையைக் கொடுத்து மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார். அண்ணி தலையைச் சுற்றி துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாய் வீட்டம்மா வந்திருக்கிறார்கள், உப்பில் இனிப்பு விளையும் என்று ஒருவர் சொன்னாராம். மேஸ்திரி தலையைச் சொறிந்துவிட்டு வேறு பாத்தியைப் பார்க்கப் போய்விட்டார். முதல் நாள் அண்ணி வாரிய உப்பு பாத்தியின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய், திரும்பவும் அங்கேயே வந்தது. சூர்யகலா விழுந்து விழுந்து சிரித்தார். "யக்கா, ரோட்டப் பெருக்குற மாதிரி பெருக்காத. தண்ணியோட இழு, தண்ணிய எதுத்து இழுக்காத."

அந்த வாரம் முழுக்கப் போனார். கால் வெடித்து, சாயங்காலம் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுத்தடுத்த வாரங்களில் சூர்யகலாவும் அவருமாக மாற்றி மாற்றி வாரினார்கள். வேலை முடிந்ததும் பலகையைக் கழுவக் கூடாது என்பது அண்ணியின் கட்டளை. பிடி மூழ்கும்படி உப்புத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு வர வேண்டும். சூர்யகலாவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு நாளும் பலகையைத் தண்ணீரில் கிடத்தும்போது, பெத்த பிள்ளையைக் கிணற்றில் போடுகிற மாதிரி இருக்கிறது என்று புலம்புவார். ஆனாலும் போட்டார். அண்ணி போகாத நாட்களிலும் போட்டார். நானே போய்ப் பார்த்திருக்கிறேன்.

புரட்டாசியில் மழை முன்கூட்டியே வந்தது. உப்பளத்துக்காரர்களுக்கு மழை என்றால் வருஷம் முடிந்தது. குவியல்களின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த நாளில் அண்ணி கௌதமனுக்குப் போன் செய்தார். இரண்டு நாள் நன்றாக மழைக்காற்றில் கிடக்கட்டும், அப்புறம் வாருங்கள் என்றார். போன வருஷம் கொப்புளம் எழுப்பிய அதே ஈரக்காற்று அதையும் தொட வேண்டும் என்பது அவர் கணக்கு.

கௌதமன் வந்த அன்று வரப்பில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அண்ணனும் நானும் நின்றோம். சூர்யகலா தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பலகையைத் தூக்கி வந்தார். பிடி இருந்த இடத்தில் வெள்ளையாய், கரடுமுரடாய் ஓர் உப்புக் கட்டி. கௌதமன் உதட்டைப் பிதுக்கினார். அண்ணி கேன் தண்ணீரை ஊற்றச் சொன்னார். கட்டி, முட்டை ஓடு மாதிரி விண்டு விழுந்தது. உள்ளே கறுப்பாக, ஈரமாக, பிடி பளபளத்தது. கை பட்டுப் பட்டு நிறம் இன்னும் ஆழமாகியிருந்தது.

கௌதமன் சுற்றித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார். கொப்புளம் இல்லை, புள்ளி இல்லை. நல்லா இருக்குது என்று சொல்ல வாயெடுத்தார். அண்ணி நிறுத்தினார்.

"மேல நல்லாத்தான் இருக்கும் தம்பி. போன வாட்டியும் மேல நல்லாத்தான் இருந்துச்சு."

மேலே போட்டிருந்த வேலைச் சட்டையின் பையிலிருந்து பிளேடை எடுத்தார். இத்தனை மாதம் காத்த பிடியில், எல்லோரும் பார்க்க, பெருவிரல் படுகிற இடத்தில் ஒரு சீவல் சீவி எடுத்தார். சூர்யகலா ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டார். சீவிய இடத்தில் சாயத்துக்கு அடியில் ரஸ்க் நிறக் கார்க் தெரிந்தது. அண்ணி கழியைக் கௌதமனிடம் நீட்டினார்.

"நாக்க வெச்சிப் பாருங்க."

பெண்களெல்லாம் சிரிக்க, பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்த அந்த மனிதர் உப்பளத்து வரப்பில் குனிந்து பலகைக் கழியை நக்கிப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

"சப்புன்னு இருக்குதுக்கா," என்றார்.

அவ்வளவுதான். அந்த உப்பு பூமியில் அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெண்கள் கை தட்டினார்கள். அண்ணன், அண்ணியின் கையிலிருந்த பிளேடை வாங்கிக் காகிதத்தில் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கௌதமன் அவர் பக்கம் திரும்பி, ஃபோம் இனி வேண்டாம் பாய் என்றார். இந்தப் பலகையைக் கடையில் மாட்டி வைக்கப் போகிறேன், கொடுங்கள் என்று கேட்டார்.

"அத வெச்சிட்டுப் போ சார். அது என் பலக," என்றார் சூர்யகலா. "இதப் புடிச்சதிலேர்ந்து என் கையில கொப்புளம் கெடையாது தெரியுமா?"

கௌதமனுக்கு போட்டோ மட்டும்தான் கிடைத்தது. இப்போதும் அவர் கடையில் ராடுகளுக்கு நடுவே அந்த போட்டோ மாட்டியிருக்கிறது. உப்பு அப்பிய பலகை ஏன் இங்கே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவர் முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்போது, நக்கிப் பார்த்தது யார் என்பதை மட்டும் விட்டுவிடுவார் என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதன்பிறகு ஃபோம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் டிரம்களில் தண்ணீர் பிடித்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. அதில் யாராவது கை கழுவினால் வீடே அதிரும். ராடு வாங்குகிறவர்கள் பிடிக்காகவே பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். முஜீப் ரஹ்மான் ராடு என்ற பெயர் கொஞ்சம் கொஞ்சமாக சாயிராக்கா பிடி என்று மாறிக்கொண்டிருந்தது. அண்ணன் அதற்கு வருத்தப்படவில்லை. முகத்துவாரத்தில் யாராவது பெரிய கொடுவாவைத் தூக்கிப் பிடித்து போட்டோ அனுப்பினால், அண்ணி மீனைப் பார்க்க மாட்டார். படத்தைப் பெரிதாக்கி, அந்த ஆளின் கைக்குள்ளே பிடி எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்.

உப்பளத்துப் பெண்களுக்கும் பிடி போட்டுக் கொடுத்தார். ராடுக்கு ஆகாத, பொத்தல் அதிகமான வளையங்களை அதற்கென்று ஒதுக்கி வைப்பார். இன்றைக்கு அந்த வரப்பில் நின்று பார்த்தால், வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே கறுத்த பிடி போட்ட பலகைகள் வரிசையாகப் போய்வருவது தெரியும். அப்படி ஒரு காட்சி வேறெங்கும் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வருஷம் கோடையில் சூர்யகலாவின் பலகைக் கழி முறிந்தது. கருவேலங் கழி. இரண்டு வருஷ உப்பில் அரித்து, நடுவில் படீரென்று போய்விட்டது. பிடி இருந்த மேல்துண்டு மட்டும் முழுசாக இருந்தது. சூர்யகலா இரண்டு துண்டையும் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணி மேல்துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரல் படும் இடத்தில், அன்று சீவிய வடுவின் மேல் அவரே பிறகு தூள் அடைத்து மெழுகியிருந்தது ஒரு நிழல் மாதிரி தெரிந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன்.

"பாத்தியா," என்றார் சூர்யகலாவிடம். "மரம் போச்சு. இது நிக்குது."

அண்ணன் இரும்புக் குழாய் வைத்துக் கீழே புதுக் கழி இணைத்துக் கொடுத்தார். அண்ணி பிடிக்கு லேசாக உப்புத்தாள் போட்டு, மழைத் தண்ணீரில் அலசி, அரிசியில் புதைத்து எடுத்து, புதுச் சாயம் ஏற்றி வைத்தார். கழியில் சீலர் வழியாமல் இருக்கப் பிடியின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை டேப் சுற்றினார். கடைசிக் கோட் காய்வதற்கு முன்னால் உரித்துவிட வேண்டிய டேப் அது. செவ்வாய்க்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று சூர்யகலாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் உப்பளத்திலிருந்து பெண்கள் நேராக வேலைச் சட்டையோடு வந்தார்கள். சூர்யகலா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பலகையைப் பற்றி அவர் கேட்கவில்லை. யாரிடமோ இரவல் வாங்கிய பலகையை வைத்து வாரிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

மாடி அறையில் கிழக்கு ஜன்னல் மூடியே இருக்கிறது. அந்தப் பிடியில் அன்று காலை அண்ணி அடித்த ஒரு கோட் சீலர் இருக்கிறது. இன்னும் இரண்டு கோட் பாக்கி. டேப்பை யாரும் உரிக்கவில்லை.